மறுமொழிக்கு ஒரு பக்கம்

ஆவணி 19, வெள்ளி

என் வீட்டுக்காரர் எழுதி வந்த டைரியில் ஆடி மாதக் கடைசியோடு கையெழுத்து நின்று போயிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன நாள் அது. மீதித் தாள் வெறுமனே கிடக்கிறது. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாக வரும். வந்தால் வரட்டும்.

கருமாதி முடிந்து ஒரம்பரை சனமெல்லாம் கிளம்பிவிட்டது. மகள் நிர்மலா மட்டும் இன்று காலை வரை இருந்தாள். ஈரோட்டுக்கு வந்துவிடு என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க ஒண்டியா இருந்து என்னம்மா பண்ணப் போறே?"

"ஐப்பசி இதழ் வரோணுமல்லொ."

அவள் அழுதாள். எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தாள் போலிருக்கிறது. நான் சரியாகத்தான் சொன்னேன். 'எல்லைக்கல்' வருசத்தில் நான்கு தடவை வரும். தை, சித்திரை, ஆடி, ஐப்பசி. தாராபுரத்தைச் சுற்றி இருக்கிற கல்வெட்டு, செப்பேடு, பழைய கோயில், குளம், இதையெல்லாம் ஆராய்கிறவர்கள் எழுதுகிற பத்திரிகை. அவர் சர்வேயராக ஊர் ஊராகச் சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்த காலத்தில் ஆரம்பித்தது. நிர்மலா அப்போது கைக்குழந்தை. அன்றிலிருந்து ஓர் இதழ் தவறியதில்லை. ஒவ்வொரு உறைக்கும் பசை தடவி, விலாசம் ஒட்டி, தபாலாபீசுக்குக் கொண்டுபோனவள் நான். ஜப்பானில் ஒருத்தர் வாங்குகிறார். எங்கள் தெருவில் ஒருத்தரும் வாங்குவதில்லை.

ஆவணி 20, சனி

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் இவர் சாப்பிட்ட அதே சர்க்கரை மாத்திரைதானாம். மீதி இருந்ததைக் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆவணி 22, திங்கள்

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து வந்த தபாலெல்லாம் மேசைமேல் குவிந்து கிடந்தது. இன்று பிரித்து அடுக்கினேன். அதில் ஒரு தடித்த உறை. உடுமலைப்பேட்டையில் இருக்கிற காலேஜ் டீச்சர் ரெஜினா மேரி அனுப்பிய கட்டுரை. தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தேன். "குமிழம்பாளையம் கல்வெட்டு: ஒன்றல்ல, இரண்டு."

குமிழம்பாளையம் என்றால் அது அவருடைய கல்.

அந்த ஊர்க் குளத்தங்கரையில் உடைந்த கல்துண்டு இரண்டு கிடந்தது. ஒரே அகலம், ஒரே மாதிரி எழுத்து. மேல்துண்டில் "பூவன் மகள் சிறியாளேன்" என்று இருந்தது. கீழ்த்துண்டில் "இக்குளமும் குமிழியும் செய்வித்தேன்" என்று இருந்தது. குமிழி என்றால் மதகு. இரண்டையும் சேர்த்துப் படித்து, ஆயிரம் வருசத்துக்கு முன்னால் ஒரு பெண் இந்தக் குளத்தை வெட்டினாள் என்று அவர் எழுதினார். அவர் எழுதியதிலேயே பேர் வாங்கின கட்டுரை அதுதான்.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். ஈரத்தாளைக் கல்லின்மேல் விரித்து பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பதிய வைக்க வேண்டும். அப்புறம் மையை ஒற்றினால், பள்ளத்தில் இருக்கிற எழுத்து மட்டும் வெள்ளையாகத் தெரியும். தட்டினது நான். மை ஒற்றினது அவர். "ஏ பூவாத்தா, பொம்பளையொருத்தி குளம் வெட்டியிருக்கறா பாரு!" என்று கூத்தாடினார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் ஓடிவந்தார்கள். பிற்பாடு அந்த ஊர்க்காரர்கள் 'சிறியாள் குளம்' என்று வளைவு கட்டினார்கள். இரண்டு மூன்று பெண் குழந்தைகளுக்குச் சிறியாள் என்றே பேர் வைத்தார்கள்.

இந்த டீச்சர் அது தப்பு என்கிறார். கோடையில் குளத்தைத் தூர் வாரினபோது மண்ணுக்குள்ளிருந்து வேறு இரண்டு துண்டு கிடைத்திருக்கிறது. அவர் சேர்த்துப் படித்த இரண்டும் ஒரே கல் இல்லையாம். வெவ்வேறு கல்லின் பாதிகளாம். சிறியாள் கோயிலுக்கு ஒரு விளக்கு வைத்தாள், அவ்வளவுதான். குளம் வெட்டினது யாரோ ஒரு வியாபாரி.

எல்லைக்கல்லில் ஒரு வழக்கம் உண்டு. யார் கட்டுரையை யார் மறுத்தாலும், அந்த மறுப்பு அடுத்த இதழில் முதல் கட்டுரையாக வரும். மறுக்கப்பட்டவருக்கு முன்னாடியே அதை அனுப்பி, மறுமொழி எழுத அதே இதழில் ஒரு பக்கம் ஒதுக்குவார். எழுதாவிட்டால் அந்தப் பக்கத்தில் 'மறுமொழி வரவில்லை' என்று ஒரே வரி. மீதியை வெள்ளையாக விட்டுவிடுவார். அந்த வெள்ளைப் பக்கத்துக்குப் பயந்து எத்தனையோ பெரிய ஆட்கள் வேர்க்க விறுவிறுக்க எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது அவருக்கே வந்திருக்கிறது.

மாவாட்டினேன். துணி துவைத்துக் கொடியில் போட்டேன்.

ஆவணி 26, வெள்ளி

சென்னியப்பன் புரபசர் வந்தார். காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ரிடையரானவர். முதல் இதழிலிருந்து என் வீட்டுக்காரருக்குக் கூட்டாளி. கட்டுரையைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

"அந்தப் புள்ள சொல்றதுல விசயமிருக்குது அம்மிணி. ஆனா இப்பப் போட வேண்டாம். ஐப்பசி இதழை நினைவு இதழாப் போட்டரலாம். அட்டையில அவரு போட்டோ. நாலு பெரிய மனுசங்ககிட்ட இரங்கலுரை வாங்கலாம். இது ஒரு வருசம் போவட்டும்."

"உங்க கோயில் கட்டுரைக்கு மறுப்பு வந்தப்ப நீங்களும் அதையேதானுங்க கேட்டீங்க. பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு."

அவர் என்னைப் பார்த்தார்.

"அவரு கேட்டாருங்களா?"

"எங்க கேட்டான் அந்தப் பாவி! கல்யாணப் பத்திரிகை வெக்க வந்த இடத்துல, 'தாம்பூலம் எடுத்துக்குங்க'ன்னு தட்டை நீட்டறான். வெத்தலைக்கு அடியில மறுப்பு!" சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். "அது வேற அம்மிணி. எனக்கு மறுமொழி எழுதறதுக்குக் கை இருந்துச்சு. அவனுக்கு?"

ஆனாலும் மறுப்பு ஐப்பசியில் வரும் என்று சொல்லிவிட்டேன். அவருக்கென்று ஒரு வழக்கம், மற்றவர்களுக்கு ஒரு வழக்கம் என்று இருந்தால் அதற்குப் பேர் எல்லைக்கல் இல்லை.

புரட்டாசி 3, சனி

நூருல்லா பாயின் அச்சகத்துக்குப் போனேன். வீட்டைவிட்டு வெளியே வந்தது இன்றுதான். வெள்ளைச் சீலையில் என்னைப் பார்த்ததும் பாய் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கம்ப்யூட்டரில் பக்கமெல்லாம் கட்டி வைத்திருந்தார்.

"மறுப்பு முதல்ல வெச்சாச்சுங்க்கா. எதுத்தாப்புல இந்தப் பக்கம் காலியா கெடக்குது. வழக்கமாப் போடற வரியைப் போட்டு முடிச்சரலாங்களா?"

மறுமொழி வரவில்லை. இந்த இரண்டு வார்த்தை அவர் பேருக்கு எதிரில். அந்த மனுசன் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல் எழுந்து போனதில்லை. சண்டைக்கு வந்தவனைச் சாப்பிட வைத்து, கை கழுவும்போதும் விடாமல் பதில் சொல்லுவார்.

"அதைப் போட வேண்டாங்க பாய்."

"அப்ப என்னத்தைப் போடறது? பாத்திரக் கடைக்காரரு வெளம்பரம் கேட்டுட்டே இருக்கறாரு. குக்கர் படம் போட்டாப் பக்கம் நெறஞ்சுரும்."

முறைத்தேன்.

"சும்மா சொன்னேனுங்க்கா. அண்ணனும் இப்படித்தான் மொறைப்பாரு," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

புரட்டாசி 5, திங்கள்

புரபசர் மறுபடியும் வந்தார். கையில் நான்கு தாள்.

"அர்த்தநாரி இருந்திருந்தா என்ன மறுமொழி சொல்லியிருப்பானோ, அதை எழுதிட்டு வந்திருக்கறேன். அவன் பேர்லயே போட்டரலாம். முன்னாடியே எழுதி வெச்சிருந்தான்னு சொல்லிக்கலாம். படிக்கறேன், கேளு."

படித்தார். எனக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் விளங்காது. ஆனால் பேச்சு விளங்கியது. "நண்பர் கூறுவதை மறுக்க எனக்கு விருப்பமில்லை, மறுக்காமலிருக்க வழியுமில்லை" என்று ஒரு வரி. என் வீட்டுக்காரர் அப்படித்தான் எழுதுவார். ஒருத்தரை அடிப்பதற்கு முன்னால் தோளில் கை போடுவார். புரபசர் நாற்பது வருசப் பழக்கத்தில் அந்தக் குரலை அப்படியே பிடித்துவிட்டார். சமையல்கட்டில் இருந்து கேட்டால் அவரேதான் முன்னறையில் உட்கார்ந்து பேசுகிறார் என்று நினைப்பேன்.

"இன்னொருக்காப் படியுங்க," என்றேன்.

படித்தார்.

மூன்றாவது தடவையும் படிக்கச் சொல்ல வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"நல்லா இருக்குதுங்க. இதை உங்க பேர்ல போடுங்க."

"என்ற பேர்லயா?" தாளை மடித்தார், விரித்தார். "என்ற பேர்ல போடற அளவுக்கு எனக்கு உறுதியில்லையே அம்மிணி. அந்தப் புள்ள சொல்றதுதான் சரியோன்னு எனக்கே ஒரு சந்தேகம் இருக்குது."

"உங்களுக்கே உறுதியில்லாததை அவரு தலையில கட்டறீங்களா? அவரு வந்து வேண்டாம்னு சொல்ல மாட்டாருன்னுதானுங்களே?"

கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

புரட்டாசி 6, செவ்வாய்

பசை காய்ச்சினேன். கட்டி தட்டிவிட்டது. கொட்டினேன்.

புரட்டாசி 8, வியாழன்

ரெஜினா டீச்சருக்குப் போன் போட்டேன். என் பேரைச் சொன்னதும் அவரே முந்திக்கொண்டார்.

"அம்மா, நானே பேசணும்னு இருந்தேன். சார் தவறினது தெரியாம அனுப்பிட்டேன். அந்தக் கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கறேம்மா. குப்பையில போட்ருங்க."

"ஏனுங்க டீச்சர், பொய் எழுதீட்டீங்களா?"

"ஐயோ, இல்லம்மா!"

"அப்பறம் எதுக்குக் குப்பையில போடோணும்?"

அந்தப் பக்கம் எங்கேயோ மணி அடித்தது, பிள்ளைகள் கத்தினார்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது.

"எனக்குப் படிச்சு முடிவு சொல்றதுக்குத் தெரியாதுங்க. ஆனா அந்தக் கல்லு எனக்குத் தெரியும். கட்டுரையில நீங்க சொல்றதை எனக்குக் கல்லுல காட்டுங்க. சனிக்கிழமை குமிழம்பாளையத்துக்கு வாங்க."

புரட்டாசி 10, சனி

நங்கையாவுக்கு, அவருடைய அக்காவுக்கு, எப்படியோ தெரிந்துவிட்டது. காலையிலேயே போன் வந்தது. "தாலி எறக்கி மாசம் ஒண்ணுதான் ஆச்சு. அதுக்குள்ள கல்லுப் பாக்கப் போறாளாமா கல்லு! சனம் என்ன பேசும்?" என்றார். "உங்க தம்பி வேலையா போறேனுங்க நங்கையா," என்று சொல்லி பஸ் ஏறிவிட்டேன்.

வளைவுக்குக் கீழேயே ரெஜினா டீச்சர் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். சின்ன உருவம். சாக்பீஸ் தூள் படிந்த கைப்பை. பக்கத்தில் ஊர் பிரசிடெண்ட் தங்கமுத்து, கையைக் கட்டிக்கொண்டு.

"வாங்க்கா. அண்ணன் போனதுக்கு வந்து பாத்தேன், நீங்க மயக்கத்துல இருந்தீங்க. இவங்க என்னமோ எங்க சிறியாளைப் புடுங்கிட்டுப் போறதுக்கு வந்திருக்கறாங்களாமா?"

"பாத்துட்டுப் பேசலாம் வா," என்றேன்.

கரைமேல் நான்கு துண்டையும் ஜேசிபி வரிசையாகப் போட்டிருந்தது. பழைய இரண்டையும் பார்த்த உடனே தெரிந்தது. உட்கார்ந்தேன். மேல்துண்டின் உடைந்த விளிம்பு பல் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். கீழ்த்துண்டின் விளிம்பும் அப்படித்தான். இரண்டு துருத்தல் எப்படிச் சேரும் என்று அன்றைக்கே நான் கேட்டேன். நடுவில் சில்லு தெறித்துப் போயிருக்கும் என்றார். யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

புதிதாகக் கிடைத்த துண்டுகளின் விளிம்பைத் தடவினேன். ஒன்றில் பள்ளம். இன்னொன்றிலும் பள்ளம். டீச்சர் நான்கு துண்டின் விளிம்பையும் தாளில் பதித்து வெட்டி வைத்திருந்ததைக் கையில் கொடுத்தார். சிறியாள் கல்லின் பல், புதிய துண்டு ஒன்றின் பள்ளத்தில் மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. மற்றதும் அப்படியே. என் கையாலேயே வைத்துப் பார்த்தேன். திருப்பி வைத்துப் பார்த்தேன். எப்படி வைத்தாலும் அவர் சேர்த்தது சேரவில்லை.

வெயில் சுள்ளென்று அடித்தது. கல் சுட்டது. கையை எடுக்கவில்லை.

"சரிங்க டீச்சர். நீங்க சொன்னதுதான்," என்றேன்.

தங்கமுத்துவுக்குக் கோபம் பொங்கிவிட்டது. "அதென்ன சரி? அண்ணன் எழுதினது சரியில்லைன்னு நீங்களே சொல்றீங்களா? இந்த ஊருக்கு இருக்கற ஒரே பெருமை இதுதானுங்க்கா! ஆனியில கும்பாபிசேக மலர் போட்டோம். அந்தக் கட்டுரையை இன்னொருக்காப் போடறோம்னு அண்ணன்கிட்ட நடையா நடந்தேன். 'இப்ப வேண்டாம் தங்கமுத்து, பொறு'ன்னு கடைசி வரைக்கும் தரவே இல்லை."

உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கும் என்று சொன்னேன்.

டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மண்ணைக் கிளறிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"சார்தாம்மா எனக்குப் போன் பண்ணினார். ஆனி மாசம். 'குமிழம்பாளையத்துல புதுசா ரெண்டு துண்டு வந்திருக்குதாம். நான் போனா என்ற கண்ணு எனக்கு வேணுங்கறதைத்தான் படிக்கும். நீங்க போய்ப் பாருங்க. நீங்கதான் என்ற கட்டுரையில எப்பவும் ஓட்டை பாக்கறவங்க'ன்னார். அதான் போனேன்."

"இதை ஏனுங்க கட்டுரையில எழுதலை?"

"எழுதினா, அவரே சொல்லிட்டார்னு அவர் முதுகுக்குப் பின்னாடி நான் ஒளிஞ்சுக்கற மாதிரி இருக்கும்மா."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. டீச்சர் கொண்டுவந்திருந்த லெமன் சாதத்தை மூன்று பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். தங்கமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டான். ஆனால் சாப்பிட்டான்.

புரட்டாசி 11, ஞாயிறு

ஆனி மாதத்தில் ஒரு வாரம் சாப்பாடு சரியாக இறங்கவில்லை அவருக்கு. புளிப்பு அதிகமா என்று கேட்டேன். இல்லை என்றார்.

புரட்டாசி 16, வெள்ளி

எழுதுகிறேன், கிழிக்கிறேன். ஒரு பக்கம் இத்தனை பெரிசு என்று தெரியாமல் போய்விட்டது. ஒரு தாளில் அவருடைய நல்ல குணமெல்லாம் வந்துவிட்டது. கிழித்தேன். இன்னொன்றில் டீச்சருக்கு நன்றி, புரபசருக்கு நன்றி என்று கல்யாண வீட்டு மைக் மாதிரி ஆகிவிட்டது. அதையும் கிழித்தேன்.

புரட்டாசி 18, ஞாயிறு

முடித்துவிட்டேன். அச்சகத்துக்கு எடுத்துப் போனேன். புரபசரை நூருல்லா பாய் அங்கே கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார். அன்றைக்குப் பேசினதற்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். தாளை அவரிடமே நீட்டினேன். வாய்விட்டுப் படித்தார்.

"மறுமொழி எழுத வேண்டிய அர்த்தநாரி ஆவணி இரண்டாம் தேதி காலமானார். அவருக்காக வேறொருவர் எழுதுவது முறையல்ல. அவருடைய கட்டுரைக்காக அந்தக் கல்லின்மேல் தாளை வைத்துத் தட்டியவள் நான். புரட்டாசி பத்தாம் தேதி குமிழம்பாளையம் சென்று நான்கு துண்டுகளின் விளிம்பையும் கையால் பொருத்திப் பார்த்தேன். மறுத்தவர் சொல்வது போலவே பொருந்துகின்றன. அ. பூவாத்தாள்."

"அவனே அந்தப் புள்ளையைப் போகச் சொன்னான்னு நீ பாய்கிட்டச் சொன்னியாமே," என்றார் புரபசர். "அது எங்க? அதையல்லொ முதல்ல எழுதோணும்! ஊரே அவனைக் கும்புடும்!"

"அது கல்லைப் பத்தி இல்லீங்களே. அவரைப் பத்தி. இந்தப் பக்கம் கல்லுக்கு."

புரபசர் பையில் இருந்து பேனாவை எடுத்தார். திருத்தப் போகிறாரோ என்று பார்த்தேன். ஒரு கால்புள்ளி மட்டும் வைத்தார். பிறகு அதையும் அடித்துவிட்டார்.

பாய் கேட்டார். "உள்ளட்டையில ஆசிரியர்னு ஒரு பேர் வேணுமுங்க. சட்டம். புரபசர் பேரைப் போட்டரலாங்களா?"

"போடுங்க," என்றேன் நான்.

"போடாதே," என்றார் புரபசர். "நான் சொன்னது நினைவு இதழ். அப்பறம் சொன்னது பொய்க் கையெழுத்து. ரெண்டையும் வேண்டாம்னு தள்ளி, மறுப்பை முன்னாடி போட வெச்சது ஆரு? எதைப் போடோணும், எதைப் போடக்கூடாதுன்னு சொல்றவனுக்குத்தான்யா ஆசிரியர்னு பேரு. அம்மிணி பேரைப் போடு."

"அஞ்சாவது படிச்சவ பேரையா? காலேஜுல இருந்து காறித் துப்புவாங்க."

"துப்பட்டும். மறுப்பா எழுதி அனுப்பச் சொல்லு. முதல் பக்கத்துல போடலாம்."

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். நான் வேண்டாம் என்று இன்னும் ஒரு தடவை சொன்னேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

ஐப்பசி 3, திங்கள்

இதழைத் தபாலில் சேர்த்தேன். கவுண்டரில் இருந்த பெண் ஜப்பான் உறையைப் பார்த்து, "அங்கயெல்லாம் இதை ஆருங்க படிக்கறாங்க?" என்றாள். படிக்கிறார்கள் என்றேன். உள்ளட்டையில் என் பேர் பெரிய எழுத்தில் இல்லை. ஆனால் அச்சாகியிருக்கிறது. ஒரு பிரதியை நிர்மலாவுக்குப் போட்டேன். அவளுக்கு இதுவரைக்கும் ஓர் இதழும் அனுப்பினதில்லை. வீட்டுப் பிள்ளைதானே என்று விட்டிருந்தோம்.

ஐப்பசி 7, வெள்ளி

நிர்மலா போனில் அழுதாள். இந்தத் தடவை வேறு மாதிரி.

ஐப்பசி 14, வெள்ளி

தங்கமுத்து வந்தான். மழையில் நனைந்து, கையில் இதழ். வாசலிலேயே நின்று ஆரம்பித்தான்.

"ஊர்க்கூட்டம் போட்டோமுங்க்கா. இப்பக் கொளம் வெட்டினவன் பேரை வளைவுல வெக்கோணும்னு ஒரு கும்பல். சரிடா, பேரென்னன்னு கேட்டா, அந்தக் கல்லுல பேரு இருக்கற எடத்துலதான் சில்லு போயிருக்குதாமா! டீச்சர் கிட்டக் கேட்டேன். பாதிதான் கெடைக்குதுங்கறாங்க. பாதிப் பேரை எப்படிங்க வளைவுல எழுதறது?"

"அப்பறம் என்ன பண்ணுனீங்க?"

"என்ன பண்ணறது. பள்ளிக்கூடத்துல படிக்கற, சிறியாள்னு பேர் வெச்ச புள்ள ஒண்ணு எந்திரிச்சுக் கேக்குது. 'அவ கொளம் வெட்டலைன்னா என்னுங்க, வெளக்கு வெச்சா அல்லொ? அதையே கல்லுல வெட்டி வெச்சிருக்கறா அல்லொ? உங்க பாட்டனுக எதையாச்சும் வெட்டி வெச்சாங்களா?'ன்னு. வளைவு அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டோம்."

துண்டு கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டான். நான்கு துண்டையும் கோயில் மண்டபத்தில் வைக்க ஏற்பாடு பண்ணிவிட்டானாம். போகும்போது, பத்து இதழ் வேண்டும், ஊரில் கேட்கிறார்கள் என்றான். அந்த ஊருக்கு இதுவரை ஒன்றுகூடப் போனதில்லை.

அவர் இருந்தால் இன்றைக்குத் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார். நான் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் மட்டும் சொன்னேன். அவருக்குக் காது கேட்காது. இரண்டு தடவை சொன்னேன்.

கார்த்திகை 4, வியாழன்

புரபசர் வந்தார். உட்காராமல் நின்றார். சட்டைக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என்னுங்க இது?"

"அந்த டீச்சர் கொளத்துக் கல்லுக்குச் சொல்ற காலம் தப்பு. நூறு வருசம் தள்ளிப் போவோணும். நாலு நாள் மண்டபத்துல உக்காந்து பாத்துட்டு எழுதியிருக்கறேன். இந்தத் தடவை என்ற பேர்ல."

"உறுதியா இருக்கறீங்களா?"

"இருக்கறேன் அம்மிணி."

அவர் எதிரிலேயே ரெஜினா டீச்சருக்குப் போன் போட்டேன்.

"உங்களுக்கு ஒரு மறுப்பு வந்திருக்குதுங்க டீச்சர். தை இதழ்ல முதல் கட்டுரை அதுதான்."

"யாரும்மா எழுதியிருக்கா?"

"எழுதினவரு இங்கதான் நிக்கறாரு. உக்காருங்கன்னா உக்கார மாட்டேங்கறாரு. நாளைக்கு அனுப்பி வெக்கறேன், படியுங்க. எதுத்த பக்கம் உங்களுக்குத்தான். மார்கழி பொறக்கறதுக்குள்ள மறுமொழி வரோணும். வராட்டி வரலைன்னு போட்டுருவேன்."

டீச்சர், "வரும்மா. கண்டிப்பா வரும்," என்றார். குரலில் ஒரு உற்சாகம் ஏறியிருந்தது. கை துருதுருக்கிறது போலிருக்கிறது.

போனை வைத்தேன். புரபசர் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நெற்றியில் வேர்த்திருந்தது.

"ஏன் அம்மிணி, அவங்க மறுமொழி என்ற கட்டுரையை விட நல்லா இருந்துட்டா?"

"இருந்தா அதையும் போடுவேனுங்க," என்று சொல்லிவிட்டு டீ வைக்கப் போனேன்.